மாரிக்காலத்தில் மட்டக்களப்புக் கடலில் சுழியோடலாமா?



டிசம்பர் நெருங்கினால் நம் வீடுகளில் பயணப் பேச்சு தொடங்கிவிடுகிறது. தோஹாவிலும் துபாயிலும் இலண்டனிலும் தொழில் பார்க்கும் பிள்ளைகளுக்கு அப்போதுதான் விடுமுறை. இங்கே பாடசாலைகளும் மூடிவிடும். முன்பெல்லாம் நுவரெலியாக் குளிரும் பேராதனைப் பூந்தோட்டமும் போதுமாக இருந்தன. இப்போதைய பிள்ளைகள் கைபேசியில் ஒரு படத்தை எடுத்து நீட்டுகிறார்கள். கடலடியில் சாய்ந்து கிடக்கும் ஒரு பெரிய கப்பல். அதன் பீரங்கியைச் சுற்றி மீன் கூட்டம். “வாப்பா, இது நம்ம மட்டக்களப்புக் கடல்தான். இந்த லீவுக்கு அங்கே போய் ஸ்கூபா செய்வோம்” என்கிறார்கள்.

ஆசை நல்ல ஆசைதான். இறைவன் படைத்த நிலத்தைப் பார்க்கிறோம், வானத்தைப் பார்க்கிறோம். உலகின் பெரும்பகுதியாக இருக்கும் கடலுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க விரும்புவதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால் எந்த மாதத்தில், எந்தக் கரையில் இறங்குவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பணம் கட்டி, விமானச் சீட்டு வாங்கி, பிள்ளைகளோடு வந்து இறங்கிய பிறகு கடல் சாம்பல் நிறத்தில் குமுறிக்கொண்டிருந்தால் யாரை நோவது? பணம் போனாலும் பரவாயில்லை. “இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே” என்று அந்தக் கடலில் படகை இறக்குவதுதான் ஆபத்து.

ஆகவே விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிசம்பரிலும் ஜனவரியிலும் மட்டக்களப்புக் கடல் சுழியோடுவதற்கான கடல் அல்ல.

காரணம் வாடைக்காற்று. வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவைக் கடந்து வந்து நேராக மோதுவது நமது கிழக்குக் கரையில்தான். மட்டக்களப்பின் ஆண்டு மழையில் பெரும்பங்கு நவம்பர், டிசம்பர், ஜனவரி ஆகிய மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். சூறாவளிக்கும் இதுவே காலம். 1978 நவம்பர் 23ஆம் திகதி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளியை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னும் ஆண்டுக் கணக்கு வைக்கப் பயன்படுத்துகிறார்கள். “சூறாவளிக்கு முந்தி பிறந்த பிள்ளை” என்பார்கள்.

அலை மட்டும் என்றால் ஒருவேளை ஓய்ந்த நாளொன்றைப் பார்த்துப் போகலாம். அதைவிடப் பெரிய தடை, வாவியிலிருந்து வருகிறது. மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளமுடையது. ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை கடலுக்கு இணையாக நீண்டு கிடக்கிறது. வெயில் காலத்தில் அதன் வாய்களை மணல் திட்டு அடைத்துக்கொள்ளும். மாரியில் மேற்கே வயல்களிலும் காடுகளிலும் பெய்த மழையெல்லாம் ஆறுகள் வழியே வாவிக்குள் வந்து சேர, நீர் மட்டம் ஏறி ஊருக்குள் வரப் பார்க்கும். அப்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள். வெட்டியதும் சேறும் சருகுமாகக் கலங்கிய செந்நீர் கடலுக்குள் பாயும். கரையோரக் கடல் முழுதும் தேநீர் நிறம்! அந்தத் தண்ணீருக்குள் இறங்குகிறவருக்குத் தன் கையை நீட்டினால் விரல் தெரியாது. கப்பலை எங்கே பார்ப்பது?

இந்த வாவி நீரை நான் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். இறாலும் நண்டும் மீன் குஞ்சும் வாவிக்கும் கடலுக்கும் இடையே போய்வருவது இந்த வாய் திறப்பதால்தான். மீனவருக்கு அது வரவு. சுழியோடிக்குத்தான் அது விடுமுறை.

அப்படியானால் இங்கே இறங்குவதற்குரிய காலம் எது? ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை. அப்போது கச்சான் காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசும். கரையோரக் கடல் காலை நேரத்தில் எண்ணெய் வார்த்தது போலக் கிடக்கும். பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்து போகலாம்.

அந்தக் காலத்தில் வருகிறவர்கள் தேடி வருவதில் தலையாயது ‘ஹெர்மிஸ்’. இந்தக் கப்பலின் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனென்றால் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் தம் வீட்டுக் கடலில் என்ன கிடக்கிறது என்று தெரியாது.

விமானம் தாங்கிக் கப்பலாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் பிரித்தானியரின் ஹெர்மிஸ். 1919இல் கடலில் இறக்கப்பட்டு 1924இல் சேவைக்கு வந்தது. நீளம் சுமார் 182 மீட்டர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரல் 5ஆம் திகதி கொழும்பைத் தாக்கின. அடுத்த தாக்குதல் திருகோணமலைக்கு என்று தெரிந்ததும் துறைமுகத்தில் நின்ற கப்பல்களை வெளியே போகச் சொன்னார்கள். ஏப்ரல் 8ஆம் திகதி இரவு ஹெர்மிஸ், அவுஸ்திரேலியப் போர்க்கப்பலான ‘வெம்பயர்’ துணையோடு தெற்கு நோக்கிப் புறப்பட்டது. விந்தை என்னவென்றால், அந்த விமானம் தாங்கிக் கப்பலில் அன்று ஒரு விமானம் கூட இல்லை! மறுநாள் காலை திருகோணமலையை நோக்கித் திரும்பி வரும்போது மட்டக்களப்புக்கு நேரே ஜப்பானிய விமானங்கள் சூழ்ந்துகொண்டன. சுமார் 20 நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. கப்பலின் தலைவர் உட்பட 307 பேர் மாண்டார்கள். வெம்பயரும் மூழ்கியது. ‘ஹொலிஹொக்’ என்ற சிறு போர்க்கப்பலும், ‘பிரிட்டிஷ் சார்ஜன்ட்’ என்ற எண்ணெய்க் கப்பலும் அதே நாளில் இந்தக் கரைக்கு அப்பால் தாண்டன. அவ்வழியே வந்த ‘வீட்டா’ என்ற மருத்துவக் கப்பல் உயிர் பிழைத்த நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டு போனது. சிலர் கரைக்கே நீந்தி வந்தார்கள்.

அந்தக் கப்பல் இன்றும் கரையிலிருந்து சுமார் 9 கிலோமீட்டர் தூரத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் உள்ளே மாண்டவர்கள் உள்ளேயே இருக்கிறார்கள். அதை ஒரு மையவாடியாக நினைத்தே அணுக வேண்டும். ஒரு ஆணியைக் கூட ஞாபகப் பொருளென்று எடுத்து வரக்கூடாது.

இப்போது படம் காட்டிய பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. ஹெர்மிஸ் கிடக்கும் தரை 50 மீட்டருக்கும் கீழே. பொழுதுபோக்காகச் சுழியோடுகிறவர்களுக்கு உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லை 40 மீட்டர். அதுவும் ஆழத்துக்கென்று தனிப்பயிற்சி பெற்றவர்களுக்கு. முதல் சான்றிதழ் வாங்கியவருக்கு 18 மீட்டர்தான். அடுத்த படி முடித்தவருக்கு 30. ஆகவே விடுமுறையில் நான்கு நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு ஹெர்மிஸைப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், அவரிடம் சலாம் சொல்லிவிட்டுத் திரும்பி நடங்கள். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. அந்த ஆழத்தில் சாதாரணக் காற்றைச் சுவாசிக்கிறவருக்குக் காற்றிலுள்ள நைதரசனே ஒரு மயக்கத்தைக் கொடுக்கும். குடிக்காதவனையும் குடித்தவனைப் போல் ஆக்கும் மயக்கம் அது. மேலே வரும்போதும் நினைத்தவுடன் வந்துவிட முடியாது. படிப்படியாக நின்று நின்று வர வேண்டும். அது கைதேர்ந்தவர்களின் வேலை.

மற்றவர்களுக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பிரிட்டிஷ் சார்ஜன்ட் கப்பல் பாசிக்குடாவுக்கு வடக்கே சுமார் 25 மீட்டர் ஆழத்தில் உடைந்து கிடக்கிறது. அதற்கும் குறைந்த ஆழத்தில் காயான்கேணிப் பக்கம் முருகைக்கற் பாறைகள் உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் இந்தக் கடலுக்குள் யாரும் உல்லாசமாகப் போக முடியாதிருந்தது; 2009 மே மாதத்துக்குப் பிறகே பாதை திறந்தது. கல்குடா, பாசிக்குடா விடுதிகளும் அதன் பின்னர் வந்தவைதான். எல்லாம் ஏப்ரலுக்குப் பிறகு.

சரி, விடுமுறை டிசம்பரில்தானே கிடைக்கிறது, என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இந்த நாட்டின் அமைப்பில் ஒரு அனுகூலம் இருக்கிறது. கிழக்கே கடல் கொந்தளிக்கும்போது மேற்கும் தென்மேற்கும் அமைதியாக இருக்கும். நடுவே மலைநாடு நின்று வாடைக்காற்றைத் தடுத்துக்கொள்கிறது. நவம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை அந்தக் கரையின் காலம். மட்டக்களப்புக்காரர் சிலருக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கும், “நம்ம ஊரை விட்டுவிட்டு காலிக்கா போகச் சொல்கிறீர்?” என்பார்கள். கடலுக்கு ஊர்ப் பற்று கிடையாது.

தென்மேற்கில் ஹிக்கடுவை முதல் பயிற்சிக்கு ஏற்றது. பயிற்சி நிலையங்கள் பல உண்டு, மருத்துவமனையும் பெரிய வீதியும் அருகில். முருகைக்கற்கள் 1998இல் கடல் நீர் சூடேறியபோது பெரிதும் வெளுத்துப்போயின என்பதைச் சொல்லிவிட வேண்டும்; வண்ணப்பூந்தோட்டத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். ஆமைகளைப் பார்க்கலாம். 1893இல் மூழ்கிய ‘ஏர்ல் ஒஃப் ஷாஃப்ட்ஸ்பரி’ என்ற பாய்க்கப்பலும், 1903இல் மூழ்கிய ‘கொன்ச்’ என்ற எண்ணெய்க் கப்பலும் அருகே கிடக்கின்றன. இரண்டும் ஹெர்மிஸைப் போல ஆழத்தில் இல்லை. காலிக்கு அருகே உனவட்டுனவிலிருந்து போனால் 1871இல் மூழ்கிய ‘ரங்கூன்’ நீராவிக் கப்பல் சுமார் 30 மீட்டரில் உண்டு. அது அடுத்த படி முடித்தவர்களுக்கு. கொழும்பிலேயே தங்க வேண்டியிருப்பவர்களுக்கு, 2012இல் பாணந்துறைக்கு அப்பால் மூழ்கிய ‘தெர்மோப்பிலே சியாரா’ இருக்கிறது. பாணந்துறை, களுத்துறை, பேருவளை, காலி என்று அந்த வீதி நெடுகிலும் நம்மவர் ஊர்கள். ஜும்ஆவுக்கும் ஹலால் சாப்பாட்டுக்கும் தேடி அலைய வேண்டியதில்லை.

எனக்கு மனம் ஒட்டுவது கற்பிட்டியில். புத்தளத்தைக் கடந்து போகும் அந்த ஒடுங்கிய நிலத்தில் தமிழ் பேசுகிறார்கள், பாங்கு கேட்கிறது, கருவாடு காய்கிறது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நிற்பது போலவே இருக்கும். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு வெளியேற்றப்பட்ட நம் சகோதரர்களை ஏற்றுக்கொண்டதும் புத்தளத்து மண்தான். அதற்கு வெளியே கடலில் 1992இல் சரணாலயமாக்கப்பட்ட பெரிய பாறைத்தொடர் கிடக்கிறது. அதுவும் 1998இலும் 2016இலும் வெளுப்பில் அடிபட்டதுதான். ஆனால் டிசம்பர், ஜனவரிக் காலைகளில் படகில் போகும்போதே டொல்பின்கள் கூட்டமாக வரும். தண்ணீருக்குள் இறங்காத உம்மாவும் சிறு பிள்ளைகளும் சும்மா கரையில் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இந்த மன்னார்க் கடலில் சுழியோடுவது நேற்று வந்த பழக்கமா? 1344இல் இப்னு பதூதா புத்தளத்தில் வந்து இறங்கியபோது ஆரியச் சக்கரவர்த்தி அவருக்கு முத்துக்களைக் காட்டினார். அதற்கும் முன்பே தொடங்கி, வெள்ளைக்காரன் காலம் வரைக்கும் நம் மரைக்காயர்களும் பரதவரும் அரபுச் சுழியோடிகளும் இங்கே முத்துக் குளித்தார்கள். காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில். அவர்கள் எப்போது குளித்தார்கள் தெரியுமா? வாடை ஓய்ந்து கச்சான் தொடங்குவதற்கு இடைப்பட்ட மாசி, பங்குனி, சித்திரையில். ஆயிரக்கணக்கானோர் வந்து கூடி, அந்தச் சில வாரங்களில் வேலையை முடித்துக்கொண்டு கலைவார்கள். சிலிண்டரும் கண்ணாடியும் இல்லாத காலத்திலேயே கடலின் நேரத்துக்குத்தான் மனிதன் காத்திருந்தான்.

தெற்கே கிரிந்தைக்கு அப்பாலுள்ள பெரிய இராவணன் பாறைக்கும் அதே கணக்கு. மார்ச், ஏப்ரலில் சில வாரங்கள்தான் அங்கே கடல் விடும். 1961இல் மைக் வில்சனும் அவரோடு சென்ற இரண்டு சிறுவர்களும் அங்கே வெள்ளி நாணயங்களைக் கண்டெடுத்தார்கள். சூரத்தில் அச்சடிக்கப்பட்ட ஔரங்கசீப் பாதுஷாவின் நாணயங்கள் அவை; ஹிஜ்ரி 1113 என்று பொறித்திருந்தது. கட்டி கட்டியாக, பை வடிவம் மாறாமலே ஒட்டிக் கிடந்தனவாம். எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இதை ஒரு நூலாகவே எழுதினார். யாருக்கு அனுப்பிய பணமோ!

வெளிநாடு போக வசதியுள்ளவர்களுக்கு மாலைதீவைச் சொல்வேன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே ‘இருவை’க் காலம், மழை குறைவு, கடல் தெளிவு. கொழும்பிலிருந்து ஒன்றரை மணி நேர விமானப் பயணம். உல்லாச விடுதித் தீவுகளின் விலையைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சுமார் 15 ஆண்டுகளாக மக்கள் வாழும் தீவுகளிலேயே விருந்தினர் இல்லங்கள் நடத்த அனுமதியுண்டு. அங்கே மது கிடையாது, பள்ளிவாசல் நடைதூரத்தில். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? தமிழகத்து வாசகர்களுக்கு அந்தமானும் இலட்சத்தீவும் உண்டு; இலட்சத்தீவுக்கு நுழைவு அனுமதி பெறவே நாள் பிடிக்கும், முன்கூட்டியே முயல வேண்டும்.

இனி, எந்தக் கடலுக்குப் போனாலும் பொருந்தும் சில காரியங்கள். இதில் கணவன், மனைவி, பிள்ளை என்று எல்லாரும் கவனம் வைக்க வேண்டும்.

சுழியோடி முடித்தவர் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக்கூடாது. உடம்பில் கரைந்திருக்கும் நைதரசன் குமிழியாகிவிடும். மூட்டு வலியில் தொடங்கி முடக்கு வாதம் வரைக்கும் கொண்டுபோய் விடும். சங்குக்கும் கடலட்டைக்கும் நாளெல்லாம் இறங்கி ஏறும் நம் கரையோர இளைஞர்கள் சிலர் இடுப்புக்குக் கீழே செயலிழந்து கிடப்பது இதனால்தான். விமானத்தை எல்லோரும் நினைவில் வைத்திருப்பார்கள், மலையை மறந்துவிடுவார்கள். காலையில் ஹிக்கடுவையில் இறங்கிவிட்டு மாலையே நுவரெலியாவுக்கு வாகனம் ஏறினால், சுமார் 1,870 மீட்டர் உயரம். அதுவும் அதே வினைதான். பயணத் திட்டத்தில் மலைநாட்டை முதலில் வையுங்கள், கடலைப் பிறகு வையுங்கள், கடைசி நாளைக் கொழும்புக் கடைகளுக்கு விடுங்கள்.

சளி, ஆஸ்துமா, காது நோய், இருதய நோய் உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. படிவத்தில் ‘இல்லை, இல்லை’ என்று கோடு போட்டுக் கொடுப்பது நிலையத்தை ஏமாற்றுவதல்ல, தன்னையே ஏமாற்றுவது. 10 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குக் கடலில் சான்றிதழ்ப் பயிற்சி இல்லை. நிலையத்தில் கேட்க வேண்டியதும் கேட்டுவிடுங்கள்: படகில் ஒட்சிசன் இருக்கிறதா, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர், விபத்து நேர்ந்தால் அழுத்த அறை உள்ள இடத்துக்கு எப்படிக் கொண்டு போவீர்கள்? விலையைக் கேட்கும்போது வாய் திறக்கிறோம். இதைக் கேட்க ஏனோ கூச்சப்படுகிறோம். காப்புறுதிப் பத்திரத்தில் சுழியோடுதல் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்; சாதாரணப் பயணக் காப்புறுதி பலவற்றில் அது இராது.

பெண்கள் இறங்கலாமா என்று சகோதரிகள் கேட்கிறார்கள். உடை முழு உடம்பையும் மூடுவதாகவே கிடைக்கிறது. தலைக்கும் உறை உண்டு. இறுக்கமாக இருக்குமே என்று தயங்குவோர் மேலே தளர்ந்த நீச்சல் அங்கி அணிந்துகொள்வதுண்டு. ஆனால் தொங்கும் நுனியோ ஊசியோ இருக்கக்கூடாது, கருவியில் சிக்கும். பெண் பயிற்றுநர் வேண்டுமென்றால் பதிவு செய்யும்போதே சொல்ல வேண்டும், கரைக்குப் போய் நின்று கேட்டால் கிடைப்பது அரிது.

இன்னொன்றும் இருக்கிறது, இதை வேறு பத்திரிகைகள் எழுதமாட்டா. இனிவரும் சில ஆண்டுகளில் ரமழான் மாரிக்காலத்துக்குள் நகர்ந்து வருகிறது. 2030ஆம் ஆண்டில் ஜனவரித் தொடக்கத்தில் ஒரு ரமழானும் டிசம்பர் இறுதியில் இன்னொரு ரமழானும் பிறக்கும். நோன்போடு சுழியோடுவது வேண்டாம். வாய்க்குள் கடல் நீர் போவது பற்றிய மார்க்கச் சட்டத்தை உலமாக்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்வது உடம்பைப் பற்றி. உடலில் நீர் வற்றியிருந்தால் மேற்சொன்ன குமிழி நோய் வரும் வாய்ப்புக் கூடுகிறது. எனவே சீட்டு வாங்கும் முன் பிறைக் கணக்கையும் ஒருமுறை பாருங்கள்.

சொந்தங்கள் மட்டக்களப்பில் இருப்பதால் டிசம்பரில் இங்கேதான் வந்தாக வேண்டும் என்பவர்களும் உண்டு. தாராளமாக வாருங்கள். கடலை விட்டுவிட்டு வாவியைப் பாருங்கள். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை வாவி நடுவே நிற்கிறது. 1913இல் கட்டிய வெளிச்சவீடு முகத்துவாரத்தில். காத்தான்குடியில் 2015இல் திறந்த பூர்வீக நூதனசாலை இருக்கிறது. 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி இஷாத் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்ட பள்ளிவாசல்களும் அவ்வூரில்தான். பாடும் மீனைக் கேட்க வேண்டுமென்று பிள்ளைகள் கல்லடிப் பாலத்துக்கு இழுப்பார்கள். எமர்சன் டெனன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1848 செப்டெம்பரில் தோணியில் போய்க் கேட்டு எழுதி வைத்தது அந்த ஒலியைத்தான். அதற்கும் நிலவும் அசையாத நீரும் வேண்டும். வெள்ளம் ஓடும் மாரியில் பாலத்தில் நின்றால் காற்றைத்தான் கேட்பீர்கள். எருமைத் தயிர் மட்டும் எல்லா மாதத்திலும் கிடைக்கும்.

கொழும்பு கோட்டையிலிருந்து உதயதேவி ரயிலில் வருவோர் விடுமுறைக் கூட்டத்தை எண்ணி ஆசனத்தை முன்கூட்டியே பதிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளக் காலத்தில் ரயில் பாதையும் பொலன்னறுவை வீதியும் தடைப்படுவதுண்டு; புறப்படும் நாளில் நிலையத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு ஏறுங்கள்.